பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரி: வயலினோடு கிடைத்த குடியிருப்புச் சீட்டு

ரஷ்யாவின் ஜார் ஆட்சியில் வில்னா, ஒடெஸா போன்ற ஊர்களில் வயலினில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றை வைத்திருந்த யூதக் குடும்பம் இந்தக் கல்லூரியை எப்படி எடை போட்டிருக்கும்? அந்தக் கணக்கில் எழுதும் மதிப்பீடு இது. அவர்கள் முதலில் கேட்டது 'யார் சொல்லிக் கொடுக்கிறார்?' என்றல்ல, 'அங்கே தங்க விடுவார்களா?' என்று.

1791 முதல் 1917 வரை யூதர்களில் பெரும்பாலோர் பேரரசின் மேற்கு, தெற்கு மாகாணங்களுக்கு வெளியே குடியிருக்க முடியாது. தலைநகரமான பீட்டர்ஸ்பர்க் அந்த எல்லைக்கு வெளியே. முதல் தர வணிகர், பட்டதாரி, சில கைவினைஞர் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 1887இல் கல்வி அமைச்சகம் யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு வைத்தது: எல்லைக்குள் 10 சதவீதம், வெளியே 5, பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ என்ற இரு தலைநகரங்களிலும் 3. பியானோ கலைஞர் அன்டன் ரூபின்ஸ்டைன் 1862இல் தொடங்கிய இந்தக் கல்லூரியோ பேரரசின் இசைச் சங்கத்துக்குச் சொந்தமானது, அந்த அமைச்சகத்தின் கீழ் வராதது. கதவு திறந்தே இருந்ததற்கு இதுதான் காரணம். முதல் உலகப் போர் நெருங்கும்போது மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் யூதர்கள். யூத மாணவர் எத்தனை பேர் என்று பிரதமர் ஸ்டோலிபின் கேட்டபோது, 'நாங்கள் எண்ணுவதில்லை' என்று இயக்குநர் கிளாசுனோவ் பதில் அனுப்பியதாக ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, கல்லூரியின் குணம் அதில் தெரிகிறது.

கற்பித்தலுக்கு முழு மதிப்பெண். வயலின் வகுப்பில் 1868 முதல் லியோபோல்ட் ஔவர்; பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர்கள் எல்மன், ஸிம்பலிஸ்ட், ஹைஃபெட்ஸ் மூவரும் அவரிடம் படித்தவர்கள். இசையாக்கத்துக்கு இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ்.

கோளாறு இருந்தது தலைநகரில் தங்குவதற்கான குடியிருப்புச் சீட்டில்தான். சேர்ந்த மாணவர் தலைநகரில் தங்கலாம். பெற்றோர் தங்க முடியாது. பதினெட்டு வயதுக்காரருக்கு இது ஒரு பொருட்டில்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு யார் சமைத்துப் போடுவது? ஹைஃபெட்ஸ் 1910இல் வந்தபோது எழுந்த சிக்கல் இதே. கிடைத்த வழியைப் பாருங்கள்: பையனோடு அவனுடைய அப்பாவையும், அவரும் வயலின்காரர்தான், ஔவர் தன் வகுப்பிலேயே மாணவராகச் சேர்த்துக்கொண்டார். மாணவரின் மனைவி மக்களைப் பிரிக்கச் சட்டம் இடம் தராது. பிள்ளையின் சீட்டு பிள்ளைக்கு மட்டும், அப்பாவின் சீட்டு குடும்பத்துக்கே. ஒரே சட்டம்தான், எந்தப் பக்கத்திலிருந்து பிடிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

இதிலும் ஒரு ஓட்டை. ஸ்வரப் பயிற்சி, பியானோ, ஹார்மனி வகுப்புகள் எல்லா மாணவருக்கும் கட்டாயம். 'மாணவ' அப்பா எந்த வகுப்புக்கும் வரவில்லை, தேர்விலும் வாசிக்கவில்லை. அவருக்காக நிர்வாகத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டியதை ஔவரே எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட பேராசிரியர் வாய்க்காத குடும்பத்துக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க முடியாது. சலுகை விதியில் இல்லை, ஆளிடம் இருந்தது. பெரிய குறை அதுதான்.

படிப்புக்குப் பிறகு என்ன என்பதையும் சேரும்போதே பார்க்க வேண்டும். மாணவருக்கான அனுமதி படிக்கும் காலத்துக்குத்தான். எல்லைக்கு வெளியே தொடர்ந்து வாழ உதவியது 'சுதந்திரக் கலைஞர்' பட்டம். அதற்குக் கருவித் தேர்வு மட்டும் போதாது. இசைக் கோட்பாட்டோடு பொதுக்கல்விப் பாடங்களும் தேற வேண்டும். விரல் ஓடுகிறது என்று பொதுப்பாடத்தைத் தள்ளிவைத்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், பட்டம் கிடைக்காது.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் ஒடெஸா. எல்லைக்குள்ளேயே இருப்பதால் சீட்டுப் பிரச்சினை இல்லை, சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் பேர்போன ஸ்டோலியார்ஸ்கி அங்கே இருந்தார். பின்னாளில் புகழ்பெற்ற வயலின் கலைஞரான நேதன் மில்ஸ்டீன் அவரிடம் கை பழகிய பிறகே ஔவரிடம் போனார். சின்னப் பிள்ளை என்றால் அந்த வரிசைதான் சரி.