வீட்டில் தேசியக் கொடி: பால்கனிக் கம்பமா, மொட்டைமாடிக் கம்பமா?

சென்னை போன்ற நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒருவர் தேசியக் கொடியை ஏற்ற விரும்பினால், அதற்கு நடைமுறையில் இரண்டே இடங்கள்தான் உண்டு. ஒன்று, தம் வீட்டுப் பால்கனியின் கைப்பிடிக் கம்பியில் சாய்வாகப் பொருத்தும் சிறு கம்பம். மற்றொன்று, குடியிருப்போர் சங்கம் எல்லோருக்கும் பொதுவாக மொட்டைமாடியில் நிறுத்தும் உயர்ந்த கம்பம். எங்கள் குடியிருப்பில் முதலில் வந்தது மொட்டைமாடிக் கம்பம். அதைச் சில காலம் பார்த்த பிறகே நான் என் பால்கனியில் தனியாக ஒன்றைப் பொருத்தினேன். எனவே இந்த ஒப்பீட்டில் நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு இடங்களுக்கும் தடையில்லை. 2002 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு, பொதுமக்களும் தனியார் அமைப்புகளும் கல்வி நிறுவனங்களும் எல்லா நாட்களிலும் கொடியேற்றலாம் என்கிறது. ராய்கரில் தம் தொழிற்சாலை வளாகத்தில் கொடியேற்றியதை அதிகாரிகள் ஆட்சேபித்ததால் நீதிமன்றம் சென்ற நவீன் ஜிண்டாலின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரி 23 அன்று அளித்த தீர்ப்பு, மரியாதையுடன் கொடியேற்றுவது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையின் பகுதி என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அது நிபந்தனையற்ற உரிமை அன்று என்றும் சொன்னது. 2021 டிசம்பரில் செய்த திருத்தம் பாலியஸ்டர் துணியையும் இயந்திரத் தயாரிப்பையும் அனுமதித்தது. 2022 ஜூலையில் வந்த திருத்தம், திறந்தவெளியிலோ பொதுமக்களின் வீடுகளிலோ ஏற்றப்படும் கொடி இரவும் பகலும் பறக்கலாம் என்றது. அதுவரை சூரிய உதயத்துக்குப் பின் ஏற்றி, மறைவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்பதே விதியாக இருந்தது.

இடம் யாருடையது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. மொட்டைமாடி பொதுப்பகுதி, நிலத்தில் பிரிபடாத பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் உரிமை உண்டு, எந்த ஒருவருக்கும் தனியுரிமை இல்லை. அங்கே கம்பம் நட சங்கத்தின் தீர்மானம் வேண்டும். பால்கனியின் உட்பகுதி வீட்டு உரிமையாளரின் அனுபவத்தில் இருந்தாலும், வெளிச்சுவரையும் முகப்பையும் மாற்றக் கூடாது என்று பெரும்பாலான சங்கங்களின் துணைவிதிகள் சொல்கின்றன. ஒரு கொடிக்கம்பம் முகப்பை மாற்றுவதாகுமா என்ற கேள்வி கூட்டத்தில் எழாமல் இருக்காது. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அடுக்குமாடிச் சங்கமோ வீட்டுமனைச் சங்கமோ உறுப்பினர் தம் சொத்தில் அந்நாட்டுக் கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாது. நேரம், இடம், முறை ஆகியவற்றில் நியாயமான கட்டுப்பாடுகளை மட்டும் விதிக்கலாம் என்கிற அச்சட்டம் 2006இல் கையெழுத்தானது. நம்முடைய கொடி விதித்தொகுப்பு கொடியின் மரியாதையைப் பற்றி விரிவாகப் பேசுகிறதே தவிர, அண்டை வீட்டாருக்கிடையே எழும் வழக்கைத் தொடவில்லை. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. துளையிடாமல் கிளாம்ப் வைத்து இறுக்கும் கம்பமாக இருந்தால் முகப்பு பற்றிய வாதம் பாதி அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

செலவையும் தோற்றத்தையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைமாடிக் கம்பம் தெருமுனையிலிருந்தே தெரியும், கம்பீரமாக இருக்கும், செலவு அதிகம், அதை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். பால்கனிக் கம்பம் எதிர்வீட்டாருக்கு மட்டும் தெரியும், செலவு சொற்பம்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்புதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பராமரிப்பு என்று நான் சொல்வது கம்பத்தை அன்று, கொடியை. சேதமடைந்த அல்லது கசங்கிக் குலைந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. அப்படியானால் கொடி ஏற்றியவருக்கு ஏற்றும் நாளோடு வேலை முடிவதில்லை; கொடியின் ஓரம் எப்போது பிரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில் படபடக்கும் கொடி முதலில் கிழிவது கம்பத்திலிருந்து தள்ளியிருக்கும் ஓரத்தில். தையல் விடும், நூல் பிரியும், பிறகு மூன்று நிறங்களிலும் கீறல் உள்நோக்கி ஓடும். சென்னை வெயில் அதற்கு முன்பே காவியை வெளிறச் செய்துவிடும். இவை எதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. தினமும் அருகிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும், மூன்று மாடி கீழே தெருவில் நடப்பவர் கண்ணில் பட நாளாகும்.

மொட்டைமாடிக் கம்பத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி செயலாளரிடமோ காவலாளியிடமோ இருக்கும். காவலாளி மாறுவார், செயலாளரும் மாறுவார். சுதந்திர தினத்துக்கு முன்தினம் கயிற்றைச் சரிபார்க்க ஆள் வரும். செப்டம்பரில் கொடி கிழிந்தால் அது யாருடைய வேலை என்பது எந்தத் தீர்மானத்திலும் எழுதப்பட்டிருக்காது. கடற்காற்றில் இரும்புக் கப்பி துருப்பிடித்து இறுகிவிட்டால், கொடி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுக்கம்பத்தில் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்க யாராவது தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறியாக வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேலையை யாரிடமும் சொல்ல மனம் வராது. பறக்கும் கொடியின் நிலையைக் கவனிக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவைக்காத சங்கம், மொட்டைமாடியில் கம்பம் நடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

2022ஆம் ஆண்டின் திருத்தம் இந்தச் சிக்கலைக் குறைப்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் கூட்டிவிட்டது. தினமும் மாலையில் இறக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தபோது, யாராவது ஒருவர் நாளுக்கு இருமுறை கொடியைக் கையால் தொட்டாக வேண்டியிருந்தது. கிழிசல் அவர் விரலுக்கே தெரிந்துவிடும். இறக்க வேண்டாம் என்றான பிறகு கொடி இரவுக் காற்றையும் பனியையும் சேர்த்துத் தாங்குகிறது, அதைத் தொடும் கை இல்லாமல் போய்விட்டது. பால்கனியில் நான் இன்னும் பழைய முறையையே பின்பற்றுகிறேன். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, என் கொடி அதிக நாள் உழைக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்த எவரும், மொட்டைமாடியில் உயர்ந்து நிற்கும் குழாயைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. அதை உறுதியாக நிறுத்த வேண்டுமென்றால் தளத்தில் துளையிட்டு போல்ட் இறக்க வேண்டும். தட்டோட்டைப் பெயர்த்து நீர்க்காப்புப் பூச்சைத் துளைத்த இடத்தில், அடுத்த மழைக்குக் கடைசி மாடி வீட்டின் கூரையில் ஈரம் படரும் வாய்ப்பு உண்டு; அந்த வீட்டுக்காரர் கொடிக்கு எதிரானவர் இல்லை, கசிவுக்கு எதிரானவர். கைப்பிடிச்சுவரின் பக்கவாட்டில் கிளாம்ப் வைத்துப் பொருத்துவது ஓரளவு பாதுகாப்பானது என்றாலும், அதற்குத் தாங்கக்கூடிய உயரம் குறைவு. பால்கனியில் புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஒரு திருகைத் தளர்த்திக் கம்பத்தையே வீட்டுக்குள் எடுத்துவைத்துவிடலாம்.

பால்கனிக்கும் தொல்லைகள் உண்டு. முதல் தொல்லை புறா வலை. பல வீடுகளில் பால்கனி முழுவதும் வலை அடித்திருப்பதால், கம்பம் வெளியே நீள வலையில் ஓட்டை போட வேண்டும், புறா அந்த ஓட்டையைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். அடுத்தது மேல்வீட்டுத் துணி. கொடிக்கு நேர்மேலே ஈரப்புடவை சொட்டிக்கொண்டிருந்தால், கொடி மரியாதைக்குரிய இடத்தில் தனித்துத் தெரிய வேண்டும் என்ற விதிக்கு அது பொருந்தாது. மேல்வீட்டாரிடம் சிரித்துப் பேசி, துணி காயப்போடும் கயிற்றைச் சற்று நகர்த்தச் சொல்ல வேண்டியிருக்கும். கொடியின் அளவும் முக்கியம். 900க்கு 600 மில்லிமீட்டர் கொடியே பால்கனிக்குப் போதுமானது. அதற்கு மேல் போனால் காற்றடிக்கும்போது சுவரில் உரசும், கீழ்வீட்டு ஜன்னலையும் மறைக்கும். எந்த அளவானாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் விகிதம் 3:2 ஆக இருக்க வேண்டும். சாய்வான கம்பத்தில் காவிப்பட்டை கம்பத்தின் வெளிமுனைப் பக்கம் வர வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். என் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மாடிக்கு மேலே காற்றின் வேகம் வேறு. அந்த உயரத்தில் கிளாம்ப் கம்பம் எப்படி நிற்கும் என்பதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, கழன்று விழுந்தால் கீழே நடப்பவர் தலைக்கு ஆபத்து என்பதால் அங்கே நான் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கதர்க்கொடி அழகு, கனம், மழையில் நனைந்தால் கம்பத்தோடு ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டுள்ள தரங்களின் வரிசையில் முதல் எண்ணே தேசியக் கொடிக்கானது. அந்தத் தரத்தில் கதர்க்கொடிகளைத் தயாரிப்பது கர்நாடகத்தில் ஹுப்பள்ளி அருகே பெங்கேரியில் உள்ள கதர் சங்கம். தினமும் இறக்கி மடித்துவைக்கும் பால்கனிக்காரர் அதை வாங்கலாம். இரவும் பகலும் விடுவதென்றால் பாலியஸ்டரே தாங்கும். 2022 ஆகஸ்டில் அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்கு விற்ற கொடிகள், வீடுதோறும் கொடியேற்றச் சொன்ன அந்த மூன்று நாள் சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்குப் போதுமானவையாக இருந்தன. ஆண்டு முழுவதும் பறக்கவிட அவற்றை நம்பக் கூடாது.

சங்கக் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேசப்படாத அச்சம் ஒன்று உண்டு. இன்று தேசியக் கொடிக்கு இடம் கொடுத்தால் நாளை கட்சிக் கொடியும், மறுநாள் ரசிகர் மன்றக் கொடியும் வரும் என்பது அது. பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்டதும், அதைத் தொடர்ந்து நடந்த வழக்குகளும் நினைவில் இருக்கும் ஊரில் இந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. மொட்டைமாடிக் கம்பம் சங்கத்தின் கையில் இருப்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பால்கனிகளுக்கு எங்கள் சங்கம் ஒரே பக்கத்தில் தீர்மானம் எழுதியது: தேசியக் கொடி மட்டும், 900க்கு 600க்கு மிகாமல், துளையிடாத கிளாம்ப், புயல் எச்சரிக்கையின்போது உள்ளே எடுக்க வேண்டும், கிழிந்தால் அன்றே இறக்க வேண்டும். கடைசி வரிக்குத்தான் அதிக விவாதம் நடந்தது. அதை எழுதாமல் விட்டிருந்தால் மற்ற நான்குக்கும் பயனில்லை.

பால்கனிக்காரர்களுக்கும் சங்கத்தின் உதவி தேவைப்படும் இடம், பழுதான கொடியை அப்புறப்படுத்துவது. அதைக் குப்பையில் போடக் கூடாது. தனியிடத்தில், முழுமையாக, எரித்தோ கொடியின் மதிப்புக்கு ஏற்ற வேறு முறையிலோ அழிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அடுக்குமாடி வீட்டுக்குள் துணியை எரிப்பது நடக்கிற காரியமில்லை. சங்க அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்துச் சேகரித்து, வளாகத்தின் பின்புறத்தில் பொறுப்பான ஒருவர் செய்வதே சரி. பாலியஸ்டர் எரியும்போது உருகிச் சொட்டும், புகையும் நல்லதன்று; கதருக்கு அந்தச் சங்கடம் இல்லை.

தரைத்தளத்தில் திறந்தவெளியும் முழுநேர மேலாளரும் உள்ள பெரிய வளாகத்தில் வசிப்பவருக்கு என் வாதத்தின் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே மொட்டைமாடியைத் தொடாமல், காவலர் அறைக்கு எதிரே கான்கிரீட் பீடத்தில் கம்பத்தை நட்டு, துருப்பிடிக்காத கப்பி போட்டு, தினமும் காலையில் வாயிற்பதிவேட்டில் கையெழுத்திடும் காவலரே கொடியின் ஓரத்தையும் பார்த்துக் குறிக்கும்படி செய்துவிட்டால், பால்கனிகளில் தனித்தனிக் கம்பங்களுக்கு அவசியமே இராது.