பழைய ஜீப் ஆசை: நான்கு வண்டிகள், ஒரு ஸ்க்ரூடிரைவர்

மூன்று வருடமாக ஒரு வண்டியை வாங்காமல் இருக்கிறேன். வாங்காமல் இருப்பதற்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ராத்திரி விளம்பரங்களைப் புரட்டுவது, பழைய சர்வீஸ் மேனுவலைப் படிப்பது, அப்புறம் வீட்டில் கேட்டால் “சும்மா பார்த்தேன்” என்பது. அந்த வண்டி லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 88 அங்குல வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம்). போட்டிக்கு மனத்தில் வந்து நிற்பவை மூன்று: டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40, சுசூகி எஸ்ஜே410, லாடா நிவா. நம் பேச்சில் இவை எல்லாமே ‘ஜீப்’தான். அந்தப் பெயருக்கே சொந்தக்காரரான பழைய வில்லிஸை மட்டும் சேர்க்கவில்லை. கதவில்லாத வண்டிக்கு ஆசைப்படும் வயதைத் தாண்டிவிட்டேன்.

சேற்றில் எது நன்றாகப் போகும் என்ற கேள்வியை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். நான்கும் போகும். நான்கிலும் மெதுவாக, அதிக இழுவையோடு போக லோ ரேஞ்ச் கியர் உண்டு, நான்கும் தரையிலிருந்து நல்ல உயரம். ஓட்டுபவருக்குத் தைரியம் தீர்ந்த பிறகும் வண்டிக்குத் தெம்பு மிச்சமிருக்கும். வாங்கியவர் உண்மையில் மாட்டிக்கொள்வது வொர்க்‌ஷாப்பில்தான். அதனால் எதில் எங்கே துருப்பிடிக்கும், மழை நாளில் நெடுஞ்சாலையில் எப்படி ஓடும், உதிரிபாகம் கிடைக்குமா என்று பார்ப்பதே பிரயோஜனம்.

லேண்ட் ரோவர் துருப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், தன் பண்ணையில் வில்லிஸ் ஜீப்பை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர், அதைப் போல் சொந்தமாக ஒன்று செய்ய நினைத்தபோது பிரிட்டனில் போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாடு. ஆகவே பாடியை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த வண்டி முதல் 1971இல் வந்த சீரிஸ் 3 வரை அதே பழக்கம். பாடி அலுமினியம் என்றால் துரு ஏது? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதன்முதலில் பார்க்கப் போன 88-க்குப் புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். மட்கார்டில் ஒரு சிராய்ப்பு கிடையாது. விற்பவர் பானட்டைத் தூக்கி எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னோடு வந்த மெக்கானிக் அதைக் கவனிக்காமல் பின்பக்கம் போய், ஒரு சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் பின் குறுக்குச் சட்டத்தில் ஓர் இடத்தில் ‘தொப்’ என்றது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி முனையை வைத்து அழுத்தினார். வாழைத்தண்டில் இறங்குவது போல் இறங்கியது. உள்ளேயிருந்து காய்ந்த மண்ணும் செதில் செதிலாகத் துருவும் அவர் சட்டை மேல் கொட்டின. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு, “பாடி நல்லா இருக்கு சார்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

விஷயம் இதுதான். பாடி அலுமினியம், ஆனால் சேசிஸ் எஃகு. அதுவும் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவம். சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்தால் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் அது தெரியாது. எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் இருக்கும் பல்க்ஹெட்டும் எஃகுதான். கால் வைக்கும் இடமும் கதவுத் தூணும் அதில்தான் முதலில் போகும். அலுமினியத்தையும் எஃகையும் சேர்த்து முடுக்கிய இடங்களில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஆறுதல் ஒன்று உண்டு: இந்த வண்டி முழுக்க போல்ட் போட்டுக் கோத்தது. துத்தநாகம் பூசிய புதுச் சேசிஸ் செய்து விற்கிறார்கள். வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி அதன்மேல் மறுபடி கோக்கலாம். கோத்து முடித்தவர்களை எனக்குத் தெரியும். பாதியில் பெட்டி பெட்டியாக மூட்டை கட்டி விற்றவர்கள்தான் அவர்களைவிட அதிகம்.

எஃப்ஜே40 இதற்கு நேர் எதிர். சேசிஸ் யானைக்கால் மாதிரி. பாடிதான் எஃகுத் தகடு. பின்பக்க ஓரங்கள், கதவுக்குக் கீழே, கூரையின் தண்ணீர்க் காடி என்று வெளியிலேயே துரு காட்டும். காட்டாவிட்டால் பட்டி அடித்து மறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிப் பக்கவாட்டில் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. (லேண்ட் ரோவரின் அலுமினியத் தகட்டில் காந்தம் எங்குமே ஒட்டாது. அங்கே ஸ்க்ரூடிரைவர்தான்.) நிவாவுக்குத் தனிச் சேசிஸே கிடையாது. காரைப் போல பாடியே எல்லா பாரத்தையும் தாங்குகிறது. அதனால் அதில் தரையும் பக்கச் சட்டமும் துருப்பிடித்தால் வெறும் அழகுக்குறையோடு போகாது, வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. எஸ்ஜே410-க்குத் தனிச் சேசிஸ் உண்டு. தகடு மெல்லிசு, சீக்கிரம் அரிக்கும். வண்டி சின்னது என்பதால் வெல்டிங் வேலையும் சின்னது.

அடுத்தது நெடுஞ்சாலை. சீரிஸ் 3-இன் 2,286 சிசி பெட்ரோல் எஞ்சின் சுமார் 70 குதிரைத்திறன் தரும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பக்கத்து இருக்கைக்காரரோடு கத்தித்தான் பேச வேண்டும். அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழல விடும் ஓவர்டிரைவ் கியரைப் பொருத்தினால் சத்தம் கொஞ்சம் அடங்கும். விண்ட்ஷீல்டுக்குக் கீழே இரண்டு நீளமான மடக்குக் கதவுகள் இருக்கின்றன. திறந்தால் நேராக வெளிக்காற்று முகத்தில் அடிக்கும். ஏசி என்றால் அதுதான். காற்றோடு தும்பியும் வரும். எனக்கு அந்தக் கதவுகள் ரொம்பப் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எஃப்ஜே40 இந்த இடத்தில் ராஜா. 1975 முதல் வந்த 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் எந்த கியரிலும் முனகாமல் இழுக்கும். பதிலுக்கு, பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். லிட்டருக்கு 5, 6 கிலோமீட்டர் என்று மனத்தைத் தயார் செய்துகொள்வது நல்லது. எஸ்ஜே410-இல் 970 சிசி, சுமார் 45 குதிரைத்திறன். பக்கத்தில் லாரி கடந்தால் வண்டி ஒரு அடி தள்ளி நிற்கும். இதன் 1.3 லிட்டர் அண்ணன் அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்றது. 1988இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அது கவிழக்கூடியது, ஏற்கத்தக்கதல்ல என்று எழுத, சுசூகி வழக்குப் போட, 2004இல்தான் சமரசம் ஆனது. யார் சொன்னது சரி என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் வண்டியை வளைவில் காரைப் போல் ஒடிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நிவாவைப் பற்றி யாரும் கனவு காண்பதில்லை. அது அநியாயம். 1977இல் வந்த அந்த ரஷ்ய வண்டியில் மற்ற மூன்றிலும் இல்லாத ஒன்று உண்டு: நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை, நடுவில் முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் ஒரு டிஃபரென்ஷியல். மற்ற மூன்றிலும் நடு டிஃபரென்ஷியல் இல்லை. திரும்பும்போது முன் சக்கரங்கள் ஓடும் தூரம் ஒன்று, பின் சக்கரங்கள் ஓடும் தூரம் இன்னொன்று. மண்ணில் சக்கரம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது, கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். ஆகவே அவற்றில் நான்கு சக்கர இயக்கத்தை வழுக்கும் இடத்தில்தான் போடலாம். மழை நனைத்த நெடுஞ்சாலையில் நிவாதான் நிம்மதி. பின்பக்கம் வரை காயில் ஸ்பிரிங், முன்னால் டிஸ்க் பிரேக். மற்ற மூன்றும் லீஃப் ஸ்பிரிங்கில் குதிக்கும். 1982, 1983 இரண்டு வருடமும் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் நிவா இரண்டாவதாக வந்தது. ஸ்டெப்னியைப் பானட்டுக்குள் எஞ்சின் மேலேயே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். டிக்கியில் அந்த இடம் மிச்சம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆனால் சீரிஸில் அந்த இரண்டு லிவர் இருக்கிறதே. கியர் லிவருக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்று, சிவப்புக் குமிழ் ஒன்று. மஞ்சளை அழுத்தினால் நான்கு சக்கரமும் சேரும். சேர்ந்ததைப் பிரிக்க மஞ்சளைத் தொட்டுப் பயனில்லை. வண்டியை நிறுத்தி, சிவப்பைப் பின்னால் இழுத்து லோ ரேஞ்சுக்குப் போய், மறுபடி முன்னால் தள்ள வேண்டும். அப்போது மஞ்சள் ‘டக்’ என்று தானே எழும்பும். ஒரு பொத்தான் செய்யக்கூடிய வேலைக்கு இத்தனை சடங்கு. அந்த ‘டக்’குக்காகத்தான் மூன்று வருடமாக அலைகிறேன் போல.

பிரேக்கைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சீரிஸில் நான்கும் டிரம், ஆற்றில் இறங்கி ஏறினால் கொஞ்ச நேரம் பிடிக்காது. முன் வண்டியோடு இடைவெளி விட்டு ஓட்டப் பழக வேண்டியதுதான்.

உதிரிபாகத்தில் லேண்ட் ரோவர் ஆச்சரியப்படுத்துகிறது. அரை நூற்றாண்டு பழைய வண்டிக்கு ரப்பர் வாஷரிலிருந்து சேசிஸ் வரை புதிதாகக் கிடைக்கிறது. தரம் ஒரே சீராக இருக்காது. எஃப்ஜே40-க்கு 2021இல் டொயோட்டாவே சில பாகங்களை மீண்டும் தயாரிப்பதாக அறிவித்தது. ஆனால் சேகரிப்பாளர்கள் கண் பட்டுவிட்டதால் வண்டியே எட்டாக்கனி ஆகிவிட்டது. அதை வாங்கினால் சேற்றில் இறக்க மனம் வராது, அப்புறம் எதற்கு? எஸ்ஜே குடும்பம் பல நாடுகளில் பல பெயர்களில் ஓடியது. மாருதி ஜிப்சியும் அதே ரத்தம்தான். ஆகவே பாகத்துக்கு அலைய வேண்டாம். நிவாவின் அதே அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகளாகத் தயாரிப்பில் இருந்துவருகிறது. ஆனால் பாகங்கள் எளிதாக வரும் ஊரில் நீங்கள் இருக்க வேண்டும்.

ஐந்தாவது ஆள் ஒருவர் வாசலில் நிற்கிறார்: 2018இல் வந்த சுசூகியின் புது ஜிம்னி. தனிச் சேசிஸ், லோ ரேஞ்ச், ஏர்பேக், ஏசி எல்லாம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்பதால்தான் எனக்கு எரிச்சல்.

என் கணக்கு இப்படி. ஒரே வண்டிதான் வைத்திருக்க முடியும், தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் நால்வரில் ஒருவரும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு என்றால் எஸ்ஜே410. இன்னும் நல்லது 1.3 லிட்டர் எஸ்ஜே413. 2007இல் சிலி நாட்டின் ஓஹோஸ் தெல் சலாதோ மலையில் 6,688 மீட்டர் உயரம் வரை ஏறியது மாற்றியமைக்கப்பட்ட ஓர் எஸ்ஜே413தான். எடை குறைவு என்பதால் மாட்டிக்கொண்டால் நான்கு பேர் தள்ளிவிடலாம். துருப்பிடிக்காத நிவா கண்ணில் பட்டால் அதை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

சீரிஸ் 3-தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, அதாவது எனக்கு, நிபந்தனை மூன்று. வீட்டில் ஓடுகிற இன்னொரு வண்டி இருக்க வேண்டும். நிறுத்த மேலே கூரையுள்ள இடம் வேண்டும். சேசிஸ் ஏற்கெனவே மாற்றியதாக இருக்க வேண்டும், அதற்கான ரசீதும் படங்களும் வேண்டும். பெயிண்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, உரிந்ததே நல்லது. போன வாரம் அப்படி ஒன்று விளம்பரத்தில் வந்தது. பெயிண்ட் திட்டுத் திட்டாக இருக்கிறது, ரசீது இருக்கிறதாம். மெக்கானிக்கிடம் சொன்னேன். “சாக்கு எடுத்துட்டு வரேன் சார்” என்றார்.