ஆக்டிவ் டைரக்டரியில் கணக்குகளை எண்ண டிஎஸ்குவரியா, பவர்ஷெல்லா?

கொழும்பு கோட்டை, கொள்ளுப்பிட்டி பக்கம் சேர்வர் பார்க்கிற தம்பிமாரிடம், ஓடிட் நேரத்தில் "ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் யூசர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) மொத்தம் எத்தனை யூசர் கணக்கு?" என்று கட்டாயம் கேட்பார்கள். டிஎஸ்குவரி, அந்தக் கணக்குகளைத் தேடிப் பட்டியலிடும் சின்னக் கட்டளை, வெளியீட்டை ஃபைண்ட் கட்டளைக்கு அனுப்பி வரிகளை எண்ணினால் வேலை முடிந்தது. ஆனால் கவனம், லிமிட் 0 என்று சேர்க்காவிட்டால் 100 முடிவுகளோடு நின்றுவிடும், அந்த 100ஐயே மொத்தம் என்று நம்பி ரிப்போர்ட்டில் எழுதினால் பெரிய பிழை. விண்டோஸின் ஸ்கிரிப்ட் கருவியான பவர்ஷெல்லில் இந்தத் தொல்லை இல்லை. கெட்-ஏடியூசர் கட்டளை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எடுத்து வரும், அப்புறம் எண்ணித் தர மெஷர்-ஆப்ஜெக்ட், அவ்வளவுதான். மாதாமாதம் ஓடுகிற ஸ்கிரிப்ட் என்றால் நான் பவர்ஷெல் பக்கம்தான்: முடக்கிய கணக்குகளை விட்டு எண்ணவும், பிரிவு வாரியாகப் பிரிக்கவும் அதில்தான் லேசு. சொந்தக் கணினியில் ஓட்ட, இரண்டுக்குமே ஆர்சாட் கருவிகளை (சேர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் கருவிகள்) நிறுவ வேண்டும்.