திரிங்கட் வகை ரோந்துக் கப்பல்கள்: இயந்திர அறையிலிருந்து ஒரு மதிப்பீடு

கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் உருவான திரிங்கட், தில்லாஞ்சங், தாராசா, தர்முக்லி ஆகிய நான்கு ரோந்துக் கப்பல்களும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பெயர்களைத் தாங்கியவை. இவ்வகைக் கப்பலின் இயந்திர அறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மணிக்கு சுமார் 30 கடல்மைல் வேகம் இவற்றின் பெரும் பலம். ஆனால், ரோந்துப் பணியின் பெரும்பகுதி மெதுவான ஓட்டத்திலேயே கழியும். வேகத்திற்கென வடிவமைத்த டீசல் இயந்திரம் குறைந்த சுமையில் மணிக்கணக்காக ஓடினால், முழுமையாக எரியாத எரிபொருள் கரியாகி, வெளியேற்று வால்வுகளிலும், இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவிலும் படிந்துவிடும். அதனால், ரோந்து முடித்துத் துறைமுகம் திரும்பும் வழியில் சிறிது நேரம் முழு வேகத்தில் ஓட்டி அக்கரியை எரித்துவிடுவோம். முதலில் கருகருவென எழும் புகை மெல்ல வெளுத்து அடங்கியதைப் பார்த்த பிறகே வேகத்தைக் குறைப்போம். பருவமழைக் காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. கப்பல் உருளும்போது எரிபொருள் தொட்டியின் அடிக்கசடு கலங்கி வடிகட்டிகளை அடைத்துக்கொள்ளும். நடுக்கடலில், கொதிக்கும் அறையில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வடிகட்டியை மாற்றப் பழகியவர்கள்தாம் இக்கப்பல்களை ஓட்ட முடியும்.

இந்த நான்கில் மூன்றை இந்தியா தீவு நாடுகளுக்கு வழங்கியது. 2005-இல் தர்முக்லி செஷல்ஸுக்குச் சென்று டோபாஸ் ஆனது. 2006-இல் தில்லாஞ்சங் மாலத்தீவில் ஹுராவீ ஆனது. 2014-இல் தாராசாவும் செஷல்ஸுக்கே சென்றது. பதின்மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்பரப்பைக் காக்க வேண்டிய அச்சிறு நாட்டுக்கு இது மிகப் பொருத்தமான உதவி என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. 2010-இல் சோமாலியக் கடற்கொள்ளையரிடம் சிக்கிய செஷல்ஸ் மீனவர்களை மீட்டது டோபாஸ்தான்.

ஹுராவீ 2019-இல் இந்தியாவுக்குத் திரும்பியது. விசாகப்பட்டினத்தில் புதிய முதன்மை இயந்திரங்கள் பொருத்தப்பட்டு, 2021 டிசம்பரில், முன்பு செஷல்ஸுக்குச் சென்ற கப்பலின் பெயரான தர்முக்லி என்ற பெயருடன் மீண்டும் பணியில் சேர்ந்தது. உடற்பகுதி அத்தனை ஆண்டுகள் தாங்கியும் இயந்திரங்களை மாற்ற வேண்டியிருந்ததில் எனக்கு வியப்பில்லை. இவ்வகைக் கப்பலில் முதலில் தேய்வது அவைதாம். கப்பலை ஒரே நாளில் ஒப்படைத்துவிடலாம். அதைப் பராமரிக்கும் பழக்கத்தை அவ்வாறு ஒப்படைக்க முடியாது. பெறும் நாட்டின் இயந்திரப் பணியாளர்கள், வழங்கும் நாட்டின் பணியாளர்களோடு ஒரு பருவமழைக் காலம் முழுவதும் கடலில் இருக்க வேண்டும். உதிரிப்பாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்கு, யார் பொறுப்பில் வழங்கப்படும் என்பதும் ஒப்படைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.