‘டக்’ சத்தம் வரவில்லை என்றால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்

பழைய ஸ்டீரியோ ரிசீவரை (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பா 1980இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த பயோனியர் எஸ்எக்ஸ்-780 எங்களிடம் இருக்கிறது. சானலுக்கு 45 வாட், மரப்பெட்டி, முகப்பில் ஊசி ஆடும் பவர் மீட்டர்கள். அதில் இருந்த கோளாறு இரண்டே இரண்டு. வால்யூமைத் திருகினால் கரகரக்கும்; டயல் விளக்கு ஒன்று எரியாது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை, “நாப்பது வருஷப் பெட்டி சார். கெபாசிட்டர் எல்லாம் காஞ்சிருக்கும், மொத்தமா மாத்திடலாம்” என்றார். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்கு (மின்சாரத்தைத் தேக்கித் தரும் பாகம்) ஆயுள் உண்டு என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் நம்பினேன். 12,000 ரூபாய் பேசி 7,000 முன்பணம் கொடுத்தேன். பத்து நாள் என்றது நாலு மாதம் ஆயிற்று.

வந்த அன்றே ஒன்று உறுத்தியது. இந்த ரிசீவரை ஆன் செய்தால் சில நொடி மௌனமாக இருக்கும். அப்புறம் உள்ளே ‘டக்’ என்று கேட்கும். அது ரிலே, தானாக இயங்கும் ஒரு சுவிட்ச். ஆம்ப்ளிஃபயர் நிலைக்கு வந்த பிறகே ஸ்பீக்கரை இணைக்கும். உள்ளே ஏதாவது பழுதாகி, ஸ்பீக்கரைக் கருக்கும் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வெளியே வந்தால் உடனே துண்டித்துவிடும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம் அன்று இல்லை. ஆன் செய்ததுமே ஸ்பீக்கர் ‘தொம்’ என்றது, பாட்டு வந்தது. ஃபோனில் கேட்டேன். “புது பார்ட்ஸ் சார், சீக்கிரம் ஸ்டார்ட் ஆகுது.” நானும் சரி என்றேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் நாள் இடது வூஃபரின் (பேஸ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) கோன் வெளியே பிதுங்கி அப்படியே நின்றது. வார்னிஷ் கருகும் நாற்றம். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிப் போய்விட்டது.

இரண்டாவதாகப் பார்த்தவர் வயதானவர். நேராகக் கரண்டில் சொருகாமல் முதலில் சீரிஸ் பல்பு வழியாக, அதாவது கரண்ட் வரும் வழியில் ஒரு பல்பை வைத்துக் கொடுத்தார். 100 வாட் பல்பு பளிச்சென்று எரிந்தது. “உள்ளே ஷார்ட்” என்று அணைத்துவிட்டு போர்டைத் திருப்பிக் காட்டினார். ரிலேயின் கால்களுக்குக் குறுக்கே, ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு ஒயர், கொழகொழவென்று ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. பல்பு வழியாகவே மறுபடி ஆன் செய்து இடது ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்தபோது பல வோல்ட் டி.சி. சில மில்லிவோல்ட்தான் இருக்க வேண்டிய இடம் அது.

நடந்தது இதுதான். இந்த மாடலின் உயிர்நாடி சான்யோவின் எஸ்டிகே-0050 என்ற பவர் ஐ.சி., ஸ்பீக்கரை ஓட்டும் சக்தியைத் தரும் சில்லு. தயாரிப்பு நின்று வெகுகாலமாயிற்று; நல்ல ஒரிஜினலுக்குக் கிராக்கி அதிகம். என் பெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தவற்றை முதல் மெக்கானிக் கழற்றிக்கொண்டு போலியைப் போட்டிருக்கிறார். தின்னர் தொட்டுத் துடைத்தால் எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. போலி ஒழுங்காக வேலை செய்யாததால் ரிலே இணைய மறுத்திருக்கும். ரிலேயைத் தாண்டி ஸ்பீக்கரை நேராக இணைக்கத்தான் அந்தச் சிவப்பு ஒயர். “நாய் குலைக்குதுன்னு வாயைக் கட்டியிருக்கான் தம்பி” என்றார் பெரியவர். பெரிய ஃபில்டர் கெபாசிட்டர் ஒன்றின் மேல் 10,000 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருந்தது; அளந்தால் 3,000 தாண்டவில்லை.

முதல் மெக்கானிக்கிடம் பழைய பார்ட்ஸைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாராம். இப்போது என் ஃபோனை எடுப்பதில்லை.

கொடுப்பதற்கு முன் மூடியைக் கழற்றி உள்ளே நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், ஐ.சி. மேல் உள்ள எழுத்து தெரிய. கழற்றிய ஒவ்வொன்றும் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் ஸ்பீக்கர் மாட்டாமல் முனைகளில் டி.சி. பாருங்கள். நூறு மில்லிவோல்ட் தாண்டினாலே வேண்டாம்.

அந்த ஒன்பது நாளும் வால்யூம் கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. பெரியவர் கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருகினார். அதற்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்.