ஆல்டேர் 8800-க்கு ஒரு மாற்று பேக்பிளேன்: மதிப்புரை

1975-இல் மிட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆல்டேர் 8800 கணினியின் தாய்ப்பலகை அட்டைகளைச் செருகும் ஸ்லாட்டுகள் நான்கு கொண்ட துண்டுகளாக வந்ததால், ஒவ்வொரு துண்டையும் அடுத்ததோடு இணைக்க ஏறத்தாழ நூறு கம்பிகளைக் கையால் பற்றவைக்க வேண்டியிருந்தது. அந்தக் கம்பிக் காட்டுக்கு மாற்றாக விற்கப்படும் 18 ஸ்லாட் பேக்பிளேன் (எல்லா அட்டைகளையும் செருகி இணைக்கும் ஒரே பலகை) ஒன்றை வாங்கிப் பொருத்திச் சோதித்தேன்.

சிக்னல் தடங்களுக்கு இடையே கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட்) தடங்கள் ஓடுவதே இதன் பெரும்பலம். ஆல்டேரின் அட்டைகளை இணைக்கும் நூறு பின் தடத்தொகுதியான எஸ்-100 பஸ்ஸின் 24, 25-ஆம் பின்களில் செல்லும் கிளாக் துடிப்புகள் (கணினியின் வேலைக்குத் தாளமிடும் சிக்னல்கள்) பக்கத்துத் தடங்களில் இரைச்சலை ஏற்றும் பழைய தொல்லை தணிந்திருப்பது சிக்னலை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் தெளிவாகவே தெரிந்தது. கனெக்டர்களைத் தனியே வாங்க வேண்டும் என்பதும், எல்லா ஸ்லாட்டுகளையும் நிரப்பினால் 1,800 பற்றவைப்புகள் ஆகும் என்பதும் விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்.

வழிகாட்டித் தாள் சோதனையைப் பற்றி வாய் திறக்கவில்லை, இது பெருங்குறை. 8 வோல்ட் செல்லும் 1, 51-ஆம் பின்களுக்கு ஒட்டியே, ஏறத்தாழ 16 வோல்ட் நேர், எதிர் மின்னழுத்தங்கள் 2, 52-ஆம் பின்களில் செல்வதால், அங்கே ஈயம் சிறிது வழிந்திருந்தாலும் அட்டைகளில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர்களுக்கு ஆபத்து. ஆகவே அட்டை எதையும் செருகுமுன் அடுத்தடுத்த பின்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று மல்டிமீட்டரால் சோதித்து, பிறகு மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வோல்ட்டை அளந்துகொள்வது நல்லது. அதன்பின் சிபியு, நினைவக அட்டைகளைச் செருகியபோது, முன்பலகைச் சுவிட்சுகளில் இட்ட சிறு நிரல் தடங்கலின்றி ஓடியது.

நான்கைந்து அட்டைகளே போதும் என்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. வாங்குபவர்களும் பழைய துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம்.