பள்ளிக்கூடம் நல்லது, கலைவிழாதான் தாங்க முடியவில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் என் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்க்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். மூத்தவன் அங்கே நேர்சரியில் தொடங்கி இப்போது தரம் 2, சின்னவள் யூகேஜி. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒழுங்கைக்குள் பழைய மாடி வீடு, முற்றத்தில் ஒரு சறுக்கு. அதெல்லாம் தோழி வந்து பார்த்ததுதான்.

அவள் பார்க்காதது மூன்றாம் தவணை. ஒக்டோபர் பிறந்தால் கொப்பி மூடிவிடும், டிசம்பர் கலைவிழாவுக்கு ஒத்திகை. உடுப்பைப் பள்ளிக்கூடம் சொல்லும் தையல்காரரிடம்தான் தைக்க வேண்டும். போன வருஷம் சின்னவள் வண்ணத்துப்பூச்சி. கம்பி வைத்த இறக்கை ஓட்டோவுக்குள் நுழையவில்லை. மடித்தால் வளைந்துவிடும் என்று அவள் அழ, இறக்கையை வெளியே பிடித்தபடி மண்டபம் வரை போனோம். மேடையில் ஒரே ஒரு பாட்டு, அதுவும் முயல்களுக்குப் பின்னால். வீடியோவில் காதுதான் தெரிகிறது, முயலின் காது. உடுப்பை வாடகைக்கு எடுக்கலாமே என்று அதிபரிடம் கேட்டேன். "எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருக்க வேணும் அம்மா" என்றார். சரி.

படிப்பில் குறை சொன்னால் பொய்யாகிவிடும். மூத்தவன் எழுத்துக்கூட்டத் திணறியபோது ரீச்சர் ட்யூஷனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. வரும் வழியில் பஸ் பலகைகளை வாசித்து வரச் சொன்னார். 100 என்றால் பாணந்துறை – புறக்கோட்டை, 101 என்றால் மொரட்டுவை – புறக்கோட்டை. முதலில் இலக்கத்தைப் பார்த்து ஊரைச் சொல்லி ஏமாற்றினான். ரீச்சர் அதையும் பிடித்துவிட்டார், இலக்கத்தை மறைத்து ஊரை மட்டும் எழுதிக் கொடுத்தார். இப்போது கடைப் பெயர் ஒன்றையும் விடுவதில்லை. அந்த ரீச்சருக்காகவே எத்தனை தவணைக் காசும் கட்டலாம்.

இன்னொன்று. அரசாங்கப் பாடசாலையில் தரம் 1க்கு ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும், முந்தைய வருஷமே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே முடிவு வருவதற்கு முன்பே இவர்கள் தரம் 1 இடத்துக்குக் காசு கேட்பார்கள். திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று இந்த வருஷத்துச் சுற்றறிக்கை வந்தது. சின்னவள் மயிலாம், தோகையோடு. அதைப் படித்த கையோடு தோழிக்கு, "வேண்டாம், வேறு இடம் பார்" என்று அனுப்பினேன். சின்னவளுக்குத் தரம் 1 காசு போன கிழமையே கட்டியாயிற்று, அது வேறு கதை.